பொன் விகித டோரஸ்: உராய்வைச் சேர்த்ததும் எங்கே போகிறது?

சுழல்தேடி கேட்டது:

ஸ்டாண்டர்ட் மேப் என்பது ஒரு புள்ளியின் கோணம் எக்ஸ், வேகம் ஒய் இரண்டையும் சுற்றுக்குச் சுற்று புதுப்பிக்கும் விதி. அதில் குவாசி-பீரியாடிக் இயக்கத்தின் (பழைய இடத்துக்கு அச்சாகத் திரும்பாமல் ஒரு மூடிய வளைகோட்டை, அதாவது டோரஸை, நிரப்பிக்கொண்டே போகும் இயக்கத்தின்) நிலைத்தன்மையைக் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட வடிவம்:

புதிய ஒய் = பி × ஒய் + சி + (கே ÷ 2பை) × சைன்(2பை × எக்ஸ்)
புதிய எக்ஸ் = எக்ஸ் + புதிய ஒய்

பி = 1, சி = 0 என்றால் ஆற்றல் காக்கும் அமைப்பு; பி = 0.9 என்றால் உராய்வுள்ள அமைப்பு. ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ், ஒய் இரண்டையும் மாடுலோ 1 எடுக்கிறேன் (முழு எண்ணை நீக்கித் தசமப் பகுதியை மட்டும் வைக்கிறேன்).

பி = 1, கே = 0.5 என்று வைத்து ஒய் = 0.618 பக்கத்தில் தொடங்கினால் அழகான வளைகோடு வருகிறது. பி = 0.9 ஆக்கி, கே = 0 கணக்கிலிருந்து சி = 0.0618034 என்று நிறுத்தினால் மூன்று குழப்பங்கள்:

கே = 0.5-இல் வளைகோடு வருகிறது, ஆனால் சுழற்சி எண் (எக்ஸ் சுற்றுக்குச் சராசரியாக நகரும் அளவு) பொன் விகிதமான 0.618034 இல்லை, 0.619-ஐத் தாண்டிவிடுகிறது. அதே கே-யில் எக்ஸ் = 0.6, ஒய் = 0.05 என்று தொடங்கினால் ஒரே ஒரு புள்ளியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கே-யை இன்னும் ஏற்றினால் சில இடங்களில் வளைகோடு காணாமல் போய் எண்ணிச் சொல்லக்கூடிய சில புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன.

உராய்வு இருந்தால் எல்லாம் அடங்கி நிலையாகும் என்றல்லவா நினைத்தேன்? டோரஸ் உடைந்துவிட்டதா, நான் எதையாவது தப்பாகச் செய்கிறேனா?

---

பம்பரம்:

டோரஸ் உடையவில்லை. கே = 0.5 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் வேறொரு டோரஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பி = 1 இருக்கும்போது டோரஸ்கள் குடும்பமாக அடுக்கி நிற்கின்றன. எந்த அதிர்வெண் (நீங்கள் சொன்ன சுழற்சி எண்தான், கீழே ஒமேகா) வேண்டுமோ அதைத் தொடக்கப் புள்ளியை நகர்த்தித் தேர்ந்தெடுக்கலாம். பி 1-க்குக் கீழே வந்ததும் அந்தக் குடும்பம் கலைந்துவிடும். பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் பி மடங்காகச் சுருங்குவதால் இரண்டு டோரஸ்கள் அருகருகே இருக்க முடியாது. இருந்தால் நடுவில் உள்ள பரப்பு சுருங்க இடமேது? மிஞ்சுவது ஒரே ஒரு வளைகோடு, அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது சி. தொடக்கப் புள்ளியை எப்படி மாற்றினாலும் அந்த வளைகோட்டின் அதிர்வெண் மாறாது. பொன் விகிதம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கே-க்கும் சி-யைத் திருத்தியே ஆக வேண்டும்.

எவ்வளவு திருத்தம்? வளைகோட்டை எக்ஸ் = தீட்டா + யூ(தீட்டா) என்று எழுதுங்கள், தீட்டா ஒவ்வொரு சுற்றிலும் ஒமேகா அளவு நகரும். மேப்பின் இரண்டு வரியையும் சேர்த்தால்:

யூ(தீட்டா + ஒமேகா) − (1 + பி) யூ(தீட்டா) + பி யூ(தீட்டா − ஒமேகா) + (1 − பி) ஒமேகா − சி = (கே ÷ 2பை) சைன் 2பை(தீட்டா + யூ)

இருபுறமும் சராசரி எடுத்தால் யூ உறுப்புகள் அடிபட்டு, சி = (1 − பி) ஒமேகா − ⟨வலது பக்கம்⟩ என்று நிற்கும். பி = 1 என்றால் முதல் படியில் யூ வெறும் சைன்; அதனால் கே வர்க்க அளவில் சராசரி பூஜ்யம். பி = 0.9 என்றால் யூ-வில் கொஞ்சம் கொசைனும் கலக்கிறது, சராசரி பூஜ்யமாக இல்லை. பொன் விகிதத்துக்குக் கணக்குப் போட்டால்:

சி ≈ 0.0618034 − 0.000493 × கே²

கே = 0.1-க்கு 0.061798; கே = 0.5-க்கு 0.06168. மிகச் சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஒமேகா சி-யைப் பொறுத்து மாறும் வேகம் 1 ÷ (1 − பி), அதாவது 10 மடங்கு. நீங்கள் சி-யை 0.000123 அதிகமாக வைத்திருக்கிறீர்கள், ஒமேகா 0.00123 ஏறி 0.6193-க்கு அருகே போகிறது. நீங்கள் பார்த்த 0.619 இதுதான். பி = 0.999 என்று வைத்தால் இந்தப் பெருக்கம் 1000 மடங்கு. சி-யில் ஏழாவது தசம இடம் பிசகினாலும் ஒமேகாவின் நான்காவது இடம் ஆடும்.

அடுத்து அந்த ஒற்றைப் புள்ளி. அது பிழையே இல்லை, உண்மையான இன்னொரு ஈர்ப்பான் (சுற்றியுள்ள பாதைகளைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது). ஒய் = 0-இல் நிலைப்புள்ளி இருக்க சி + (கே ÷ 2பை) சைன் = 0 ஆக வேண்டும்; அதற்குக் கே குறைந்தது 2பை × 0.0618 = 0.388. ஒய் = 1-இல் இருக்க வேண்டியது 0.1 − 0.0618 = 0.0382, அதற்குக் கே 0.24 போதும். எனவே கே = 0.5-இல் குறைந்தது மூன்று ஈர்ப்பான்கள்: உங்கள் வளைகோடு, ஒய் = 0 புள்ளி, ஒய் = 1 புள்ளி. கொசைன் எதிர்மமாக இருக்கும் பக்கத்துப் புள்ளிதான் உள்ளிழுக்கும். ஒய் = 0-க்கு அது எக்ஸ் ≈ 0.64. நீங்கள் அதன் மடியிலேயே தொடங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒய் = 1 புள்ளி உங்கள் கணினியில் ஒருபோதும் வந்திருக்காது. காரணம் மாடுலோ. பி = 1 என்றால் ஒய்-யோடு ஒரு முழு எண்ணைக் கூட்டினாலும் மேப் மாறாது, மாடுலோ எடுக்கலாம். பி = 0.9 என்றால் 0.9 × (ஒய் + 1) என்பது 0.9 × ஒய்-யைவிட 0.9 அதிகம், அது முழு எண் இல்லை. ஒய் 1-ஐத் தொட்டதும் நீங்கள் அதை 0-க்குத் தூக்கிப் போடுகிறீர்கள், அடுத்த சுற்றில் 1-க்குப் பதில் 0.1 வருகிறது. உராய்வுள்ள மேப்பில் ஒய்-க்கு மாடுலோ கூடாது. எக்ஸுக்கு மட்டும்.

மூன்றாவது குழப்பம்: சி-யை நிறுத்திவிட்டுக் கே-யை ஏற்றும்போது ஒமேகா தொடர்ந்து நகர்கிறது, வழியில் பின்னங்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பின்னத்துக்கும் ஓர் ஆர்னால்ட் நாக்கு, அதாவது கே, சி வரைபடத்தில் நாக்கு வடிவப் பரப்பு. அதற்குள் நுழைந்தால் இயக்கம் அந்தப் பின்னத்தில் பூட்டிக்கொள்ளும். நீங்கள் எண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கைதான் அந்தப் பின்னத்தின் பகுதி (கீழ் எண்).

---

எண்கணி:

பம்பரம் சொன்னதோடு, எண்களைச் சரிபார்க்கும் முறை.

முதலில் பி = 1-இல் உங்கள் நிரல் சரியா என்று பாருங்கள். அங்கே ஒப்பிட நல்ல எண் இருக்கிறது: 1979-இல் கிரீன் கண்ட கே = 0.971635. பொன் விகித வளைகோடு அதுவரை நிற்கும். இது வெறும் கணினிப் படம் பார்த்துச் சொன்னதாக இனியும் இல்லை. மேலிருந்து, 1984-இல் மாதர் 4/3-க்கு மேல் சுற்றிவரும் வளைகோடு எதுவுமே இல்லை என்று நிறுவினார். 1985-இல் மெக்கேயும் பெர்சிவலும் அதை 63/64-க்கு இறக்கினார்கள். கீழிருந்து, ஃபிகெராஸ், ஹாரோ, லூக்கே மூவரும் கணினி உதவியோடு கூடிய நிறுவலை 0.9716 வரை கொண்டுவந்தார்கள். இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது.

உங்கள் வளைகோடு 0.155-இலேயே சிதறினால் சைனுக்கு முன்னால் உள்ள 2பை வகுத்தலை விட்டுவிட்டீர்கள் என்று பொருள் (0.9716 ÷ 6.2832 = 0.1546). இது அடிக்கடி நடக்கும்.

அந்த எல்லையைக் கண்ட கிரீன் முறையைச் செய்ய: 8/13, 13/21, 21/34, 34/55, 55/89 என்று பிபனாச்சி பின்னங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சுற்றுப் பாதையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் குறியில், அதாவது சைனுக்கு முன்னால் கூட்டல் என்றால், எக்ஸ் = 1/2 கோட்டில் தேட வேண்டும்; நீள்வட்ட வகைப் புள்ளிகள் அங்கேதான். கழித்தல் குறி போட்ட நூலைப் பார்த்து எழுதினால் அது எக்ஸ் = 0 கோடு. இதை மாற்றிப் போட்டால் எல்லா எச்சமும் (பாதையின் நிலைத்தன்மையை அளக்கும் எண், கீழே வருகிறது) எதிர்மமாக வரும், பயப்பட வேண்டாம், கோட்டை மாற்றினால் போதும். தேடல் ஒரே மாறியில்: ஒய்-யை மாற்றி, 13 சுற்றில் எக்ஸ் சரியாக 8 கூடியதா என்று பாருங்கள். கூடவே ஒய்-யும் தொடக்க மதிப்புக்குத் திரும்பியதா என்று பார்க்க மறக்காதீர்கள். எக்ஸ் மட்டும் திரும்பினால் அது இரு மடங்கு நீளப் பாதையாகவும் இருக்கலாம்.

பாதை கிடைத்ததும் ஒவ்வொரு சுற்றின் டெரிவேட்டிவ் அணியையும் பெருக்கி, எச்சம் = (2 − டிரேஸ்) ÷ 4 (டிரேஸ் என்பது பெருக்கி வந்த அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை). கே எல்லைக்குக் கீழே என்றால் பின்னம் ஏற ஏற எச்சம் 0-க்கு இறங்கும், மேலே என்றால் கட்டுக்கடங்காமல் ஏறும், எல்லையில் 0.25 அருகே நிற்கும். 

சுழற்சி எண்ணுக்கு: எக்ஸை மாடுலோ இல்லாமல் வளரவிட்டு இறுதியில் சுற்றுகளால் வகுப்பது எளிய வழி, ஆனால் 10⁸ சுற்றில் எக்ஸ் 6 கோடியைத் தாண்டும், டபுள் துல்லியத்தில் எக்ஸின் எட்டாவது தசம இடத்துக்குப் பிறகு எதுவும் மிஞ்சாது, சைனுக்குள் போவது குப்பை. எக்ஸை மாடுலோவிலேயே வைத்துக்கொண்டு, புதிய ஒய்-களின் சராசரியை எடுங்கள். அதுவேதான் சுழற்சி எண். சாதாரண சராசரிக்குப் பதில் எடையிட்ட சராசரி எடுத்தால் இன்னும் நல்லது: டி-யை 0 முதல் 1 வரை என வைத்து எடை = எக்ஸ்பொனென்ஷியல்(−1 ÷ (டி(1 − டி))). சாதாரண சராசரியின் பிழை சுற்று எண்ணிக்கைக்குத் தலைகீழாகத்தான் குறையும். இது குவாசி-பீரியாடிக் பாதையில் எந்த அடுக்கையும்விட வேகமாகக் குறையும். முதல் பாதிச் சராசரியையும் இரண்டாம் பாதிச் சராசரியையும் ஒப்பிடுங்கள். குழம்பிய பாதையில் சில இலக்கங்கள்தான் ஒத்துப்போகும், ஒழுங்கான பாதையில் கிட்டத்தட்ட எல்லாமே.

பி = 0.9-இல் சராசரி எடுக்கும் முன் தொடக்கத் தள்ளாட்டத்தைக் கழித்துவிடுங்கள். வளைகோட்டை நோக்கிச் சுருங்குவது சுற்றுக்கு 0.9 மடங்கு; 10⁻¹⁶ வர 350 சுற்று. பி = 0.999 என்றால் 37,000. இரண்டுக்கும் ஒரே 1000 சுற்று போட்டால் இரண்டாவது படம் தடித்த பட்டையாக வரும், அதைப் பார்த்து "குழப்ப இயக்கம்" என்று எழுதிவிடக் கூடாது.

சி-யைத் தேடும்போது இருசமக் கூறிடல் முறையே போதும். நியூட்டன், சீகண்ட் வேண்டாம்: ஒமேகா-சி வரைபடம் படிக்கட்டு, ஒரு படியில் மாட்டினால் சாய்வு பூஜ்யம், முறை பறந்துவிடும்.

---

சுழல்தேடி:

ஒய்-க்குப் போட்ட மாடுலோவை நீக்கிவிட்டேன், சி = 0.06168 வைத்தேன். ஒமேகா 0.6180-க்கு வந்துவிட்டது, ஒய் = 1 புள்ளியும் தெரிகிறது. இருவருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். கே மாறும்போதெல்லாம் நான் சி-யைத் திருத்துவது கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே? உண்மையான ஓர் அமைப்பில் யார் வந்து சி-யைத் திருத்துவார்கள்? இன்னொன்று: "நிலையானது" என்று பி = 1, பி = 0.9 இரண்டு பக்கத்திலும் ஒரே சொல்லைப் போடுகிறோம், இரண்டும் ஒன்றா?

---

கோள்நோக்கி:

யாரும் திருத்த மாட்டார்கள். அதனால்தான் இயற்கையில் பல அமைப்புகள் பின்னத்தில் பூட்டிக்கொண்டு கிடக்கின்றன.

கோளின் தற்சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய மேப்பின் தொடர்ச்சி வடிவம்தான் அது: கோள் முழு உருண்டையாக இல்லாததால் வரும் முறுக்குவிசை உங்கள் கே, அலையுராய்வு (ஈர்ப்பால் கோள் நெளிவதால் வரும் உராய்வு) உங்கள் 1 − பி, சி-யின் இடத்தில் சுற்றுப்பாதையின் மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்ற அளவு). அலையுராய்வு கோளை எந்தச் சுழற்சி வேகத்துக்கு இழுக்கும் என்பதை மையப்பிறழ்ச்சி மட்டுமே தீர்மானிக்கிறது. உராய்வு சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதம் என்ற எளிய மாதிரியில், மையப்பிறழ்ச்சி 0 என்றால் அந்த வேகம் சுற்றுப்பாதை வேகத்துக்குச் சமம். புதனின் இன்றைய 0.2056-க்கு 1.256 மடங்கு. 

புதன் சுழல்வதோ 1.5 மடங்கு வேகத்தில்: இரண்டு சுற்றுப்பாதைக்கு மூன்று சுழற்சி. உங்கள் மொழியில், சி சொல்லும் குவாசி-பீரியாடிக் வளைகோடு 1.256-இல் இருக்க, கோள் 3/2 என்ற இன்னொரு ஈர்ப்பானில் உட்கார்ந்திருக்கிறது. ஒய் = 0 புள்ளியில் உங்கள் பாதை போய் உட்கார்ந்த அதே கதை.

சி உண்மையிலேயே நகரவும் செய்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பால் புதனின் மையப்பிறழ்ச்சி கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஏறி இறங்கும். அது 0.285-ஐத் தொட்டால் உராய்வு இழுக்கும் வேகம் சரியாக 1.5. 2004-இல் கொரேயாவும் லாஸ்காரும் இந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் 3/2-இல் மாட்டும் வாய்ப்பு பாதிக்கு மேல் வந்தது. மையப்பிறழ்ச்சியை இன்றைய மதிப்பிலேயே நிறுத்திவைத்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கோள் அந்த இடத்தை ஒரு தடவை கடந்து இறங்கிப் போய்விடும்.

---

பம்பரம்:

"நிலையானது" பற்றி. இரண்டும் ஒன்றில்லை, அடிப்படையிலேயே வேறு.

பி = 1-இல் டோரஸ் எதையும் இழுக்காது. அருகில் தொடங்கினால் அருகிலேயே இருக்கும், ஒட்டாது. அதன் மதிப்பு மதில் என்பதில்தான்: இரு பரிமாண மேப்பில் ஒரு வளைகோடு நின்றால் கீழே உள்ளது மேலே போக முடியாது. நான்கு பரிமாண மேப்புக்குப் போனால் இதுவும் போய்விடும், இரு பரிமாண டோரஸால் நான்கு பரிமாண வெளியைப் பிரிக்க முடியாதே. 1964-இல் ஆர்னால்ட் காட்டிய மெதுவான கசிவு அங்கிருந்து வருகிறது. அங்கே சொல்ல முடிவது நெகோரோஷேவ் 1977-இல் தந்த வகையான உறுதி: என்றென்றைக்கும் இல்லை, ஆனால் மிக மிக நீண்ட காலத்துக்கு.

மதில் உடைந்த பிறகும் அது ஓட்டை விழுந்த மதிலாக நிற்கும். கே 0.9716-ஐச் சற்றே தாண்டினால் கசிவு, அந்த மீதியின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் போகிறது. மீதி பத்தில் ஒன்றானால் கடக்கும் நேரம் ஆயிரம் மடங்கு. எனவே "10⁶ சுற்று ஓடவிட்டேன், தாண்டவில்லை, டோரஸ் இருக்கிறது" என்ற வாதம் செல்லாது. எச்சத்தைப் பாருங்கள்.

பி = 0.9-இல் டோரஸ் உண்மையாகவே இழுக்கிறது. லியாபுனோவ் எண்கள் (அருகருகே உள்ள பாதைகள் சுற்றுக்கு எவ்வளவு வேகமாக விலகும் அல்லது நெருங்கும் என்பதன் அளவு) 0, −0.105 (அதாவது 0.9-இன் மடக்கை). ஒய் = 0 புள்ளியிலும் ஒய் = 1 புள்ளியிலும் கே = 0.5-இல் இரண்டு எண்ணும் −0.053. கூட்டுத்தொகை எங்கேயும் அதே −0.105. எந்த ஈர்ப்பானில் இருக்கிறீர்கள் என்பதை இதை வைத்தே பிரிக்கலாம், படம் போடவே தேவையில்லை.

இன்னொரு வித்தியாசம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பி = 1-இல் பின்ன அதிர்வெண் வளைகோடு கே பூஜ்யத்தைத் தாண்டிய கணமே தீவுகளாக உடையும். பி = 0.9-இல் பின்னத்தில் பூட்டிக்கொண்டாலும் வளைகோடு அப்படியே இருக்கலாம். அதன் மேல் ஓர் ஈர்க்கும் பாதையும் ஒரு சேணப் பாதையும் (ஒரு திசையில் இழுத்து இன்னொரு திசையில் தள்ளுவது) உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வளைகோடு பிழைப்பதும் குவாசி-பீரியாடிக் இயக்கம் பிழைப்பதும் இங்கே இரு வேறு கேள்விகள். நீங்கள் பார்த்த "சில புள்ளிகள்" வளைகோட்டின் சாவு அல்ல.

---

எண்கணி:

உராய்வு எங்கே உண்மையில் உதவுகிறது என்பதை ஓர் எண்ணில் காட்டலாம். பம்பரம் எழுதிய யூ சமன்பாட்டை ஃபூரியே குணகங்களில் (யூ-வைச் சைன், கொசைன் அலைகளாகப் பிரித்தால் வரும் எண்களில்) தீர்க்கும்போது ஒவ்வொரு குணகத்தையும் ஒரு வகுத்தியால் வகுக்க வேண்டும். 987ஆவது குணகத்தை எடுங்கள். 987 × ஒமேகா ஒரு முழு எண்ணிலிருந்து 0.00045 தூரத்தில்தான் இருக்கிறது, கோணமாக 0.00285 ரேடியன். பி = 1-இல் வகுத்தி அந்தக் கோணத்தின் வர்க்கம்: 0.0000081. பி = 0.9-இல் (1 − பி) × கோணம்: 0.000285. 35 மடங்கு பெரிது. சிறு வகுத்தி ஒழியவில்லை, வர்க்கத்திலிருந்து ஒரு படி இறங்கியிருக்கிறது. வளைகோட்டுக்குக் குறுக்குத் திசையில் சிக்கல் போய்விட்டது, நெடுந்திசையில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பொன் விகிதம் போன்ற, பின்னங்களுக்கு எட்டாத எண் பி = 0.9-இலும் தேவைப்படுகிறது.

இந்த வழியில் யூ, சி இரண்டையும் சேர்த்து நியூட்டன் முறையில் தீர்ப்பதுதான் சி-யைக் காண மிகத் துல்லியமான வழி. இங்கே ஒமேகாவை நீங்களே நிறுத்திவைப்பதால் படிக்கட்டுத் தொல்லை இல்லை. கே = 0-இல் தொடங்கி 0.05, 0.05 ஆக ஏற்றுங்கள், முந்தைய விடையே அடுத்ததற்குத் தொடக்கம். 256 புள்ளியில் ஆரம்பித்து, கடைசிக் காற்பங்கு குணகங்கள் 10⁻¹²-ஐத் தாண்டும்போதெல்லாம் புள்ளிகளை இரட்டியுங்கள். விடை வந்ததும் மீதிப் பிழையை இரு மடங்கு நுண்மையான கட்டத்தில் திரும்பக் கணக்கிடுங்கள். அதே கட்டத்தில் மட்டும் பார்த்தால், உடைந்துபோன டோரஸுக்கும் நியூட்டன் சிரித்துக்கொண்டே ஒரு விடை தரும்.

உடையும் இடத்தைக் காண: யூ-வின் ஓர் உயர் சோபொலேவ் நெறிமம், எளிதாகச் சொன்னால் மூன்று நான்கு முறை டெரிவேட்டிவ் எடுத்த யூ-வின் அளவு, கே ஏற ஏற எப்படி வெடிக்கிறது என்று பாருங்கள். லியாபுனோவ் எண்களை நம்பி இருக்காதீர்கள். அவை உடையும் நொடி வரை 0, −0.105 என்றே காட்டும். மாறுவது திசைகள்: வளைகோட்டின் தொடுதிசைக்கும் சுருங்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணம் சில இடங்களில் பூஜ்யத்தை நெருங்குகிறது. வளைகோட்டில் 1000 புள்ளிகளில் அந்தக் கோணத்தைக் கணக்கிட்டு, அதன் சிறும மதிப்பைக் கே-க்கு எதிராக வரையுங்கள்; கோடு கிட்டத்தட்ட நேராக இறங்கி அச்சைத் தொடும் இடம்தான் நீங்கள் தேடுவது. தொடுவதற்கு முன்னாலேயே 256 புள்ளிகள் 16,384-ஐத் தாண்டியிருக்கும், நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.